வாசனைப் புல்: குழிக்கு ஒரு மட்டமா, மூன்று மட்டமா?

விதை இஞ்சி வாங்கும் விடயத்தில் எமது கண்டிப் பகுதி ஆட்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. துண்டில் எத்தனை முளை இருக்கிறது, நிறை எவ்வளவு, தோல் சுருங்கியிருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்துத்தான் காசு கொடுப்பார்கள். மஞ்சளும் அப்படித்தான். 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2020இல் ஒரு கிலோ மஞ்சள் பல ஆயிரம் ரூபாவுக்கு ஏறியது. அப்போது விதை மஞ்சள் தேடி அலைந்தவர்களுக்குத் தாய்க் கிழங்குக்கும் விரல் கிழங்குக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே விளங்கியது. தாய்க் கிழங்கு நட்டவன் கூடுதலாகக் கிண்டி எடுத்தான்.

ஆனால் வாசனைப் புல் என்று வரும்போது இதே ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு கட்டுக் கணக்கில் கன்று வாங்குகிறார்கள். புல்தானே, எப்படி நட்டாலும் வளரும் என்பது பொதுவான எண்ணம். நான் வாசனைச் சரக்கு வியாபாரத்தில் இருப்பதால் அக்குறணை, மடவளை, கம்பளை பக்கமிருந்து வரும் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வியைத்தான். "நானா, ஒண்டொண்டா நட்டாக் காணுமா, இல்லாட்டி பிடி பிடியா நடணுமா?" ஒற்றை மட்டம் போதும் என்று ஒருவர் சொல்லியிருப்பார். கைப்பிடியளவு வைத்தால்தான் விளையும் என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். விசாரித்துப் பார்த்தால் இருவருமே கன்று விற்பவர்களாக இருப்பார்கள்.

கைவிடப்பட்ட தேயிலைக் காணியோ, மிளகு பட்டுப்போன மேட்டு நிலமோ அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று வைத்திருக்கும் குடும்பங்கள் எமது பகுதியில் நிறைய உண்டு. அதில் ஐம்பதாயிரம், ஒரு இலட்சம் போட்டுப் புல் நடுவது அவர்களுக்குச் சின்ன விடயமல்ல. ஆகவே இந்தக் கேள்வியை வியாபாரக் கணக்காகவே பார்ப்போம்.

மட்டம் என்பது என்ன?

நெல் வயல் செய்பவர்கள் "மட்டம் வெடித்தல்" என்று சொல்வார்கள். ஒரு நாற்று நட்டால் அதன் அடியிலிருந்து பக்கத்தில் பல தண்டுகள் கிளம்பி ஒரு குத்தாக மாறும். அந்தத் தண்டு ஒவ்வொன்றும் ஒரு மட்டம். சிங்களத்தில் "சேர" என்று சொல்லும் எலுமிச்சைப்புல், "பெங்கிரி" என்று சொல்லும் சிட்ரொனெல்லா, "சவந்தரா" என்று சொல்லும் வெட்டிவேர் ஆகிய மூன்றும் இந்த வகைதான். வளர்ந்த குத்தைக் கிளப்பி, மட்டம் மட்டமாகப் பிரித்து, இலையையும் வேரையும் நறுக்கி நடுகிறோம்.

இவற்றை ஏன் விதை போட்டு வளர்ப்பதில்லை என்று சிலர் கேட்பதுண்டு. எமது வீட்டு வளவில் கறிக்குப் போடும் எலுமிச்சைப்புல் பூப்பதே அபூர்வம். எண்ணெய்க்காக நடும் பெங்கிரியிலும் தென்னிந்திய வெட்டிவேரிலும் முளைக்கக்கூடிய விதை கிடைப்பது அரிது. கேரளாவில் எண்ணெய் வடிக்கும் எலுமிச்சைப்புல் வேறு இனம். அதை விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் விதைக்கன்றுகள் எல்லாம் ஒரே தரமாக இருப்பதில்லை. மட்டம் பிரித்து நட்டால் தாய்க்குத்து எப்படியோ பிள்ளையும் அப்படியே வரும். ஆகவே நடுகைப் பொருள் என்றால் இந்தப் புற்களில் மட்டம்தான்.

பருமன் ஏன் முக்கியம்?

பிரித்தெடுத்த மட்டத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள். இலையை நறுக்கிவிட்டோம், ஆகவே வெயிலிலிருந்து உணவு செய்ய முடியாது. வேரையும் நறுக்கிவிட்டோம், ஆகவே தண்ணீர் சரியாக உறிஞ்ச முடியாது. புது வேர் விட்டு, புது இலை விரியும் வரை இரண்டு மூன்று கிழமைகள் அது அடித்தண்டில் சேர்த்து வைத்த உணவைக் கொண்டுதான் உயிர் வாழ வேண்டும். கடை திறந்து வியாபாரம் சூடு பிடிக்கும் வரை கைமுதலில் சாப்பிடுவது போலத்தான். கைமுதல் குறைந்தவன் ஒரு மாதம் மழை பெய்யாவிட்டால் கடையை மூடுவான்.

அடித்தண்டு பருத்திருந்தால் சேமிப்பு அதிகம். அதன் கணுக்களில் உறங்கும் அரும்புகளும் அதிகம். அந்த அரும்புகளே பின்னர் புது மட்டங்களாக வெடிக்கின்றன. ஒரு குழியில் இரண்டு மூன்று மட்டங்கள் சேர்ந்திருந்தால் முதல் மாதத்திலேயே கூடுதல் இலை விரியும், நிலம் சீக்கிரம் மூடும், களை எடுக்கும் கூலி குறையும். கூலியாள் கிடைப்பதே கஷ்டமான இந்தக் காலத்தில் இதுவும் ஒரு வரவுதான்.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மட்டம் பெரிதாக இருந்தால் எண்ணெய் வீதம் கூடும் என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். எண்ணெய் வீதத்தைத் தீர்மானிப்பவை இனம், இலையின் வயது, காலநிலை, வடிக்கும் முறை ஆகியவையே. நடும் மட்டத்தின் பருமன் கூட்டுவது புல்லின் அளவை. பச்சை எலுமிச்சைப்புல் 100 கிலோ வடித்தால் ஏறத்தாழ 300 முதல் 500 கிராம் வரை எண்ணெய் கிடைக்கும். ஜாவா வகைப் பெங்கிரியில் ஏறத்தாழ ஒரு கிலோ. இலங்கை வகைப் பெங்கிரியில் அதில் பாதியளவு. மட்டம் பெரிதானால் 100 கிலோ புல் 120 கிலோ ஆகலாம். நூற்றுக்கு எவ்வளவு எண்ணெய் என்பது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

மூன்று நட்டால் மூன்று மடங்கு விளையுமா?

விளையாது. ஏன் என்பதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். நல்ல ஈரமும் பசளையும் உள்ள நிலத்தில் மட்டங்கள் மாதம் ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கான கணக்கு மட்டுமே. புல் திகதி பார்த்து இரட்டிப்பதில்லை.

மூன்று மட்டம் நட்ட குழி: 3, 6, 12, 24, 48 என்று நாலு மாதத்தில் 48 மட்டமாகும்.

ஒற்றை மட்டம் நட்ட குழி: 1, 2, 4, 8, 16 என்று நாலு மாதத்தில் 16இல் நிற்கும்.

இந்த இடத்தில் பார்த்தால் மூன்று மடங்கு வித்தியாசம்தான். ஆனால் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் ஒரு குத்து எல்லையில்லாமல் பெருக்க முடியாது. பக்கத்துக் குத்துடன் இலை முட்டி, வேர் முட்டி, 50 மட்டமளவில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். மூன்று மட்டக் குழி நாலு மாதத்தில் ஏறத்தாழ அந்த அளவைத் தொட்டுவிட்டது. ஒற்றை மட்டக் குழி ஐந்தாம் மாதத்தில் 32 ஆகி, ஆறாம் மாதத்துக்குள் அதே 50ஐத் தொட்டுவிடும். ஐந்தாம் மாதத்தில் முதல் வெட்டு வெட்டினால் ஒற்றை மட்டக் குழியில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். இரண்டாம் வெட்டில் இரண்டும் சமமாகிவிடும்.

நட்ட ஐந்து, ஆறு மாதத்தில் முதல் வெட்டு, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு வெட்டு என்று நாலைந்து வருடம் பலன் எடுக்கும் பயிர் இது. பதினைந்து வெட்டுகள் எடுக்கலாம் என்றால், அதில் முதல் வெட்டில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைவதால் மொத்தக் கணக்கில் நூற்றுக்கு இரண்டு வீதம் அளவே நட்டம். இதற்காக மூன்று மடங்கு காசு கொடுத்து மட்டம் வாங்குவது புத்தியல்ல.

அப்படியானால் ஒற்றை மட்டமே போதுமா? அவசரப்பட வேண்டாம். இதுவரை போட்ட கணக்கில் எல்லா மட்டமும் பிழைத்துக்கொண்டது. உண்மையான நட்டம் பிழைக்காத மட்டத்தில்தான் இருக்கிறது.

வெற்றுக் குழிதான் எதிரி

மெதுவாக வளர்ந்த குத்து இரண்டாம் வெட்டில் கடனை அடைத்துவிடும். செத்துப்போன குழி ஒருபோதும் அடைக்காது. பக்கத்துக் குத்துகள் கொஞ்சம் பரந்து இடத்தைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனாலும் அந்த இடத்தில் முதலில் குடியேறுவது களையும் மானாப்புல்லும்தான். பதினைந்து வெட்டிலும் அந்தக் குழிக்கு வரவு பூச்சியம்.

அரை ஏக்கர் காணியை எடுத்துக்கொள்வோம். அதாவது 80 பேர்ச், 21,780 சதுர அடி. இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில் 5,445 குழிகள் வரும். ஒரு மட்டம் 5 ரூபா என்று கணக்குக்காக வைப்போம்.

குழிக்கு ஒன்று: 5,445 மட்டம், 27,225 ரூபா.

குழிக்கு இரண்டு: 10,890 மட்டம், 54,450 ரூபா.

குழிக்கு மூன்று: 16,335 மட்டம், 81,675 ரூபா.

இனி ஐந்தில் ஒரு மட்டம் பட்டுப்போகிறது என்று வைப்போம். ஒற்றை மட்டம் நட்டால் 1,089 குழிகள் வெறுமையாகும். இரண்டு மட்டம் நட்டால் இரண்டுமே பட்டுப்போகும் குழிதான் வெறுமையாகும். அது இருபத்தைந்தில் ஒன்று, ஆக 218 குழிகள். மூன்று மட்டம் நட்டால் நூற்றிருபத்தைந்தில் ஒன்று, ஆக 44 குழிகள்.

ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக 27,225 ரூபா மேலதிகமாகச் செலவழிக்கிறோம். அதனால் 871 குழிகள் தப்புகின்றன. ஒரு குழியைக் காப்பாற்ற ஏறத்தாழ 31 ரூபா செலவு. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகவும் அதே 27,225 ரூபாதான். ஆனால் தப்புவது 174 குழிகள் மட்டுமே. ஒரு குழிக்கு ஏறத்தாழ 156 ரூபா விழுகிறது. இந்தக் காசுக்கு ஓர் ஆளைப் பிடித்து, ஒரு மாதம் கழித்து வெற்றுக் குழிகளில் மறுபடி மட்டம் வைத்துவிடலாம்.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. கடும் வெயில் அடித்தால் ஒரே குழியிலுள்ள இரண்டு மட்டமும் சேர்ந்தே காயும். ஆகவே நிலத்தில் கிடைக்கும் பலன் கடதாசியில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆனாலும் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதில் பெரிய இலாபம், இரண்டுக்கு மேலே போகப் போகச் சின்ன இலாபம் என்ற உண்மை மாறாது. குழிக்கு இரண்டு, மூன்று மட்டம் என்று விவசாயத் துறையினர் பொதுவாகச் சொல்வதன் காரணமும் இதுதான். ஐந்து, ஆறு என்று பிடி பிடியாக நட்டால் மட்டங்கள் ஒன்றோடொன்று தண்ணீருக்கும் உணவுக்கும் போட்டி போடும். மழைக்காலத்தில் நடுவில் ஈரம் தேங்கி அழுகலும் வரும்.

முதல் குறைந்தவர்களுக்கு ஒரு வழி

ஐம்பதாயிரம் ரூபா மட்டத்துக்கே போட முடியாது என்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. காசு இல்லாதவனிடம் காலம் இருக்கிறது.

நம்பிக்கையான இடத்திலிருந்து 500 மட்டம் மட்டும் வாங்குங்கள். முன்சொன்ன விலையில் 2,500 ரூபா. கிணற்றுக்கோ பீலிக்கோ பக்கத்தில், இரண்டடி இடைவெளியில் ஒற்றை ஒற்றையாக நடுங்கள். எட்டுப் பேர்ச் இடம் போதும். மாட்டெரு போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றி, களையில்லாமல் பாருங்கள். இங்கே ஒற்றை மட்டம் நடுவதில் தவறில்லை, ஏனென்றால் தண்ணீர் உங்கள் கையில் இருக்கிறது. ஐம்பது பட்டுப்போனாலும் 450 குத்து மிஞ்சும். பத்து, பன்னிரண்டு மாதத்தில் குத்துக்கு 25 நல்ல மட்டம் என்று குறைத்தே கணக்குப் பார்த்தாலும் 11,250 மட்டம் கிடைக்கும். அரை ஏக்கருக்குக் குழிக்கு இரண்டு வீதம் தேவையானது 10,890. கணக்கு நேராகிறது.

ஒரு வருடம் தாமதமாகிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு வருடத்தில் உங்கள் மண்ணில் இந்தப் புல் எப்படி வளர்கிறது, வாங்கிய இனம் சொன்ன இனம்தானா, வடிப்பவர் எண்ணெயைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று மூன்றையும் 2,500 ரூபா செலவில் தெரிந்துகொள்வீர்கள். பெரிய முதல் போடுவதற்கு முன் இதைவிட மலிவான சோதனை கிடைக்காது.

பருத்ததெல்லாம் நல்ல மட்டமல்ல

பருமன் முக்கியம் என்றதும் தடித்த தண்டாகப் பார்த்துப் பொறுக்கத் தொடங்கிவிடக் கூடாது. பூத்து முடிந்த தண்டு தடிப்பாகத் தெரியும். ஆனால் அதன் வேலை முடிந்துவிட்டது, உள்ளே கூடாகவும் நாராகவும் இருக்கும், மட்டம் வெடிக்காது. பழைய குத்தின் நடுப்பகுதி மட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான். வெளிவட்டத்தில் இருக்கும் இளமையான, ஆனால் முற்றிய அடியுள்ள மட்டங்களே சிறந்தவை.

கட்டுக் கணக்கில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவை:

கட்டை அவிழ்த்து எண்ணிப் பாருங்கள். காய்ந்த இலைத் தோடுகளைச் சுற்றியிருந்தால் மட்டம் தடிப்பாகத் தெரியும். தோட்டை உரித்தால் பென்சில் பருமன்கூட இருக்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கிய கட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் இருந்தது.

அடியைப் பாருங்கள். வேர் கிளம்பும் கணுப்பகுதி மட்டத்துடன் சேர்ந்து வந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மேலே வெட்டிய தண்டு கறிக்குத்தான் உதவும், நடுவதற்கு உதவாது.

நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்பு நிறம் ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கிளப்பி எத்தனை நாள் என்று கேளுங்கள். லொறியில் வெயிலில் கிடந்த பெரிய மட்டத்தைவிட, நேற்றுக் கிளப்பிய சிறிய மட்டம் மேல். வாங்கியதும் ஈரச் சாக்குப் போட்டு நிழலில் வைத்து, இரண்டொரு நாளில் நட்டுவிட வேண்டும்.

நடும்போது இலையை ஒரு சாணுக்குக் குறையாத உயரத்தில் நறுக்குங்கள். வேரை இரண்டு அங்குலம் விட்டு நறுக்குங்கள். அடி இரண்டு, மூன்று அங்குலம் மண்ணுக்குள் போய், சுற்றிலும் மண் இறுகியிருக்க வேண்டும்.

காலமும் முக்கியம். கண்டிப் பக்கத்தில் ஒக்டோபர், நவம்பர் மழை நிச்சயமானது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வறட்சி. ஒக்டோபர் முதல் மழையுடன் நட்டால் வறட்சி வருவதற்குள் மூன்று மாத வேர் இருக்கும். டிசம்பர் கடைசியில் நடுபவர் எவ்வளவு பெரிய மட்டம் வைத்தாலும் பெப்ரவரியில் கையைப் பிசைய வேண்டிவரும். மே மாத மழையும் நல்லதே. பிந்தி நடத்தான் வேண்டுமென்றால் மட்டும் குழிக்கு மூன்றாக வையுங்கள்.

முதலில் இனம், பிறகு பருமன்

மட்டத்தின் பருமனைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இனத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மலைநாட்டுச் சரிவுகளில் காடாக மண்டும் மானாப்புல்லும் பெங்கிரியும் ஒரே குடும்பம். பழக்கமில்லாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேயிலைத் தோட்டங்களில் பழைய செடியைப் பிடுங்கிவிட்டு மீள நடுவதற்கு முன் மண்ணைத் தேற்றுவதற்காக மானாப்புல்லையும் குவாட்டமாலா புல்லையும் நடுவார்கள். அது மண்ணுக்கு நல்லது. ஆனால் எண்ணெய் வியாபாரத்துக்கு மானாப்புல் மட்டத்தை எவ்வளவு பெரிதாக நட்டும் பயனில்லை.

பெங்கிரியிலும் இரண்டு வகை. ஒன்று "லேனபட்டு" என்று சொல்லும் இலங்கை வகை. வறண்ட மண்ணையும் தாங்கும். தெற்கே அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் பரவலாக நடப்பட்டது. மற்றது "மஹ பெங்கிரி". எண்ணெய் கூடுதலாகத் தரும், வாசனையும் உயர்வு, ஆனால் நல்ல மண்ணும் மழையும் கேட்கும். சிட்ரொனெல்லா எண்ணெயில் ஒருகாலம் உலகச் சந்தை இலங்கையின் கையில் இருந்தது. இந்த மஹ பெங்கிரி இங்கிருந்து ஜாவாவுக்குப் போனது. ஜாவாக்காரர் அதையே பெருந்தோட்டமாகப் பெருக்கி, உயர்ந்த எண்ணெய் வடித்து, எம்மைச் சந்தையில் பின்தள்ளினார்கள். இன்று உலகம் அதை ஜாவா வகை என்றே அழைக்கிறது. இந்தப் புல்லின் தாவரவியல் பெயரில் ஒட்டியிருப்பது இலங்கையில் எண்ணெய் வடித்த வின்டர் என்பவரின் பெயர். அந்தப் பெயரைக் கொடுத்த ஜோவிட் என்பவரின் ஆய்வு வெளியானது 1908இல், எமது பேராதனைத் தாவரவியல் பூங்காவின் சஞ்சிகையில். எமது வாசலில் இருந்த மட்டத்தின் பெறுமதியை அடுத்த வீட்டுக்காரன் கண்டுகொண்டான்.

எண்ணெயின் தரத்திலும் எமக்கு ஒரு பழைய கறை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைப் பெங்கிரி எண்ணெயில் மண்ணெண்ணெய் கலக்கும் வழக்கம் பரவியது. அதைப் பிடிப்பதற்காக ஜேர்மனியின் ஷிமெல் நிறுவனம் ஒரு சோதனையைக் கொண்டுவந்தது. 80 வீத மதுசாரத்தில் எண்ணெய் தெளிவாகக் கரைய வேண்டும், கரையாவிட்டால் கலப்படம். வாசனை எண்ணெய் வியாபாரத்தில் இலங்கையின் பெயருடன் அந்தச் சோதனையும் சேர்ந்தே பேசப்பட்டது. மட்டம் விற்பதிலும் எண்ணெய் விற்பதிலும் ஒருமுறை போன பெயர் சீக்கிரம் திரும்பாது.

வெட்டிவேர் நடுவோர் கவனத்துக்கு

வெட்டிவேரின் எண்ணெய் வேரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடலூர்க் கரையோர மணலில் பயிரிடுகிறார்கள். மணலில் வேர் நீளமாக இறங்கும், கிண்டுவதும் சுலபம். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் நிலத்தில் நிற்பதால் சிறிய மட்டத்துக்கும் வளர அவகாசம் உண்டு. கிண்டியபின் வேரை வெட்டி எடுத்துக்கொண்டு, மேலேயுள்ள மட்டங்களையே அடுத்த நடுகைக்குப் பயன்படுத்தலாம்.

ஆனால் கண்டிச் சரிவுகளில் வேருக்காக வெட்டிவேர் நடுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். வேரைக் கிண்டினால் மண்ணும் சேர்ந்து கிளம்பும், அடுத்த மழையில் தோட்டம் கீழே இறங்கும். வெட்டிவேர் எண்ணெயில் முன்னிற்கும் ஹெயிட்டி நாட்டின் மலைச்சரிவுகளில் இந்தப் பாதிப்பைக் காணலாம். 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டம் மண்சரிவால் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

எமக்கு வெட்டிவேர் வேலியாகத்தான் தேவை. சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில், நாலு முதல் ஆறு அங்குல இடைவெளியில் வரிசையாக நட்டால் ஓடும் தண்ணீரின் வேகம் தணிந்து மண் தங்கும். இங்கேதான் மட்டத்தின் பருமனில் கஞ்சத்தனம் கூடாது. எண்ணெய்ப் புல்லில் ஒரு குழி செத்தால் ஒரு குத்தின் வரவுதான் போகும். வேலியில் ஒரு குழி செத்தால் தண்ணீர் முழுவதும் அந்த ஓட்டையைத் தேடி வந்து பாய்ந்து, இரண்டு பக்கமும் அரித்துவிடும். ஆகவே குழிக்கு மூன்று மட்டம், முடிந்தால் பையில் வேர் பிடிக்க வைத்து நடுவது நல்லது. இந்த வேலி மேல்மண்ணைக் காக்கும். ஆழத்திலிருந்து சரியும் மலையை நிறுத்தாது. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கிளம்பும் ஊற்று தென்பட்டால் புல்லை நம்பாமல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

நடுவதற்கு முன் வாங்குபவரைத் தேடுங்கள்

கடைசியாக வியாபாரி என்ற முறையில் ஒன்று. அரை ஏக்கரில் ஒரு வெட்டில் இரண்டு தொன் புல் கிடைத்தாலும், எலுமிச்சைப்புல் என்றால் அது ஆறு முதல் பத்துக் கிலோ எண்ணெய். இதற்காகத் தனியாக வடிசாலை போட முடியாது. பக்கத்தில் வடிப்பவர் இருக்க வேண்டும், அல்லது அயலில் பத்துப் பேர் சேர்ந்து நட வேண்டும். வெட்டிய புல்லைத் தூரம் ஏற்றிச் சென்றால் லொறிக்கூலியே இலாபத்தைத் தின்றுவிடும். முதல் வெட்டு இரண்டு மாதம் பிந்தினால் மொத்த விளைச்சலில் நட்டம் சிறிது என்று மேலே சொன்னேன். ஆனால் பத்துப் பேர் ஒன்றாக வெட்டி லொறி நிரப்ப வேண்டிய இடத்தில் உங்கள் தோட்டம் மட்டும் பிந்தினால், அந்த முறை உங்கள் புல்லை ஏற்ற லொறி வராது. கூட்டாகச் செய்பவர்கள் எல்லோரும் ஒரே அளவு மட்டத்தை, ஒரே கிழமையில் நடுவது இதனால்தான் அவசியம்.

சிட்ரொனெல்லாவும் எலுமிச்சைப்புல்லும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள பயிர்கள். அதன் தலைமையகம் பேராதனையிலும் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலும் இருக்கின்றன. எமக்கு இரண்டும் ஒரு பஸ் பயண தூரம்தான். மட்டம் விற்பவரிடம் முற்பணம் கொடுக்கு முன், ஒரு மட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் காட்டுங்கள். இனத்தை அவர்கள் சொல்வார்கள். பருமனை நீங்களே நகத்தால் கீறிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் சரியென்றால் குழிக்கு இரண்டு வீதம், ஒக்டோபர் மழையுடன் நட்டுவிடுங்கள்.